பஞ்சத்துக் கிறித்தவர்

“பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா?” என்று கேட்பது தமிழில் பழைய வழக்கு. வயிற்றின் பொருட்டுக் காவியுடுத்தவனை, வழிவழியாக அந்நெறியில் நின்றவனிடமிருந்து பிரித்துக் காட்டும் இக்கேள்வியிலே ஓர் ஏளனம் உண்டு. அவ்வேளனம் என்றும் மேலிருந்து கீழ்நோக்கியே வீசப்பட்டு வந்துள்ளது. தானியத்தைப் பூட்டி வைத்தவன் யார் என்று அது கேட்பதில்லை. பசித்தவனுடைய பக்தி மெய்யா பொய்யா என்பதே அதன் கவலை.

நம் நாட்டிலே இக்கேள்வி மிக உரத்து எழுந்தது, 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் நிகழ்ந்த கடற்கோளின் பின்னராகும். இலங்கையில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டது. சில நாட்களுள் மேல்நாட்டுத் திருச்சபைகளைச் சேர்ந்த தொண்டர் குழுக்கள் வந்திறங்கின. அரிசியும் பால்மாவும் மருந்தும் கூடாரமும் சுமந்து இறக்கியவர்களுட் பலர், தம் மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாது பணிபுரிந்து திரும்பினர். வேறு சிலர் பெட்டிகளோடு பிரசங்கத்தையும் கொண்டுவந்தனர். முகாம்களிலே சிறுவரைக் கூட்டிச் செபமும் நாடகமும் நடத்தினர். உள்ளூர்க் கிறித்தவத் தலைவர்களே இதனைக் கண்டித்தனர். கடற்கோளுக்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர், 2004 ஜூலையில், ஜாதிக ஹெல உறுமயவைச் சேர்ந்த பிக்கு ஒருவர் மதமாற்றத் தடைச் சட்டமூலமொன்றைப் பாராளுமன்றத்தில் முன்வைத்திருந்தார். பணமாகவோ பொருளாகவோ நன்மை எதனையும் அளித்து ஒருவரை மதம் மாறச் செய்தலைக் குற்றமாக்குவது அதன் நோக்கம். சட்டமூலத்தின் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் கண்டது, அது சட்டமாகவில்லை. ஆயினும் அது எழுப்பிய ஐயம் முகாம்களின் வாசல்வரை வந்தது.

அவ்வாதங்கள் யாவும் கொடுப்பவனுடைய உள்ளத்தையே துருவின. வாங்குபவன் ஏன் அந்தக் கையை நோக்கி நீட்ட நேர்ந்தது, அவனுக்கு அருகிலிருந்த வேறு கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்ற வினா அங்கு எழவில்லை. அவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்கு மிகப் பொருத்தமான களம், ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஆந்திரக் கரையிலுள்ள ஒங்கோல் வட்டாரத்திலே நிகழ்ந்ததாகும். பஞ்சத்தையும் மதமாற்றத்தையும் இணைத்துப் பேசுவோர் அதனை அடிக்கடி சுட்டுவர். சுட்டுவோரிற் பலர் அதன் வரலாற்றை முழுமையாகக் கூறுவதில்லை.

1876 ஆம் ஆண்டிலே பருவமழை சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருடம். தாது வருடப் பஞ்சம் என்ற பெயர் இரண்டு தலைமுறைகளுக்குப் பாட்டிமார் வாயில் வழங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மாத்திரம் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நோக்கி மன்னார்ப் பாதையிலே நடந்து வந்தோரின் தொகை அவ்வாண்டுகளில் இலட்சத்தைத் தாண்டியதற்கும் இப்பஞ்சமே காரணம். மலையகத் தமிழரின் சரித்திரத்தில் இதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. அதனைப் பிறிதொரு கட்டுரையிலே நோக்குவதே பொருத்தம்.

மழை பொய்த்தமை இயற்கை. ஆனால் மக்கள் மாண்டமைக்கு இயற்கையை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது. 1877 ஜனவரி 1 ஆம் நாள், விக்டோறியா இந்தியாவின் பேரரசியாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட தர்பாரை இராசப்பிரதிநிதி லிற்றன் பிரபு டெல்லியிலே நடத்திக்கொண்டிருந்தபோது, தெற்கே சாலையோரங்களில் பிணங்கள் கிடந்தன. தானிய ஏற்றுமதிக்குத் தடையில்லை. சந்தை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்பது அக்கால ஆட்சியாளரின் வேதவாக்கு. நிலைமையை ஆராயவும் செலவைக் கட்டுப்படுத்தவும் தெற்கே அனுப்பப்பட்டவர் சேர் றிச்சட் ரெம்பிள். இவர் 1874 இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மா அரிசியை வருவித்துப் பல உயிர்களைக் காத்தவர். அவ்வாறு காத்தமைக்காகவே வீண்செலவுக்காரர் என்ற பழிக்கு ஆளானவர். இம்முறை அப்பழியைத் துடைத்துக்கொள்ள எண்ணினார் போலும். நிவாரண வேலைக்கு வரும் வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியத்துக்கான கூலியும் மேற்செலவுக்குச் சிறு தொகையும் போதும் என விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையாளராகவிருந்த வைத்தியர் கோர்ணிஷ், மண் வெட்டுகின்ற மனிதனை இவ்வளவைக் கொண்டு உயிருடன் வைத்திருத்தல் இயலாதென வாதிட்டார். சில மாதங்களின் பின்னரே கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் மண்ணோடு மண்ணாயினர் என்பதைக் கணக்கெடுக்கும் அக்கறை எவருக்கும் இருக்கவில்லை.

இந்தக் கூலியும் தானியமும் எவ்வழியாக மக்களைச் சென்றடைந்தன என்பதே நமது பொருளுக்கு முக்கியமானது. கிராமத்திலே பட்டியல் எழுதியவர் ஊர்த்தலைவரும் கணக்கரும். வேலைத்தளத்திலே ஆளெண்ணியவர், அளவு பார்த்தவர், கூலி கொடுத்தவர் யாவரும் மேற்சாதி மேற்பார்வையாளர்கள். கொத்தியவன் கூடையிலே மண் குறைந்தது. எழுதியவன் ஏட்டிலே காசு குறைந்தது. உயிரைக் காக்கும் தானியம் நாள்தோறும் உயிரை வாங்கிய கைகளின் ஊடாகவே வந்து சேர்ந்தது.

ஒங்கோல் வட்டாரத்திலே இக்கைகளுக்குக் கீழே நின்றவர்கள் மாதிகர். தோல் பதனிடுதல், செருப்புத் தைத்தல், இறைப்புச் சால்களைச் செய்து கொடுத்தல், இறந்த மாட்டை அகற்றுதல், திருவிழாவிலும் சாவிலும் பறையடித்தல் என்பன அவர்கள்மீது சுமத்தப்பட்ட தொழில்கள். இவற்றுக்கு ஊதியமாக அறுவடைக்களத்திலே தானியம் அளக்கப்படும். அவ்வளவே அவர்களுடைய உடைமை. மழை பொய்த்த ஆண்டிலே களமே இல்லை. களமில்லாத போது முதலில் மறுக்கப்பட்டது மாதிகனின் பங்கு. கிராமச் சமுதாயம் ஒருவரையொருவர் தாங்கும் கூட்டுக்குடும்பம் போன்றது என நம்மவர் சிலர் இன்றும் கவிதை பாடுவர். அக்கூட்டுக்குடும்பத்தில் யார் யாரைத் தாங்கினார், யார் முதலிற் கைவிடப்பட்டார் என்பதைப் பஞ்சம் வெளிப்படையாகக் காட்டிவிட்டது.

ஒங்கோலில் இருந்த அமெரிக்க பப்ரிஸ்ற் மிசனரி ஜோன் எவரெட் கிளவ். 1865 இல் இந்தியா வந்து, மறு ஆண்டு ஒங்கோலிலே குடியேறியவர். மிசனரியாகுமுன் அமெரிக்காவின் மேற்குப் புறத்தில் நில அளவையாளராகத் தொழில் பார்த்தவர். இவர் சார்ந்த தெலுங்கு மிசன் 1836 இலேயே தொடங்கப்பட்டதாயினும், நெடுங்காலம் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரையே சேர்த்திருந்தது. மூடிவிடலாமா என்று அமெரிக்காவிலே மீண்டும் மீண்டும் ஆலோசிக்கப்பட்ட மிசன் அது. மேற்சாதியாரை முதலில் வென்றாற் கீழுள்ளோர் தாமே தொடர்வர் என்ற எண்ணமும் அதற்குத் தடையாக நின்றது.

நிலைமையை மாற்றியவர் கிளவ் அல்லர். எர்ரகுண்ட்ல பெரையா என்ற மாதிகரே. தோல் வணிகஞ் செய்து ஓரளவு வசதியாக வாழ்ந்த இவர், பட்டினியால் வந்தவரல்லர். யோகநெறி குருமாரிடம் உபதேசம் பெற்று, அதன் வழியே ஞானந்தேடி வந்தவர். 1866 இல் இவரும் இவருடைய மனைவியும் ஞானஸ்நானம் பெற்றதன் பின்னர், செய்தி மாதிகச் சேரிகளிலே உறவுமுறை வழியாகப் பரவியது. சேர்ந்தோர் மூன்று விதிகளைக் கைக்கொள்ள வேண்டியிருந்தது: ஞாயிறன்று வேலை செய்யாமை, செத்த மாட்டிறைச்சி உண்ணாமை, உருவ வழிபாடு செய்யாமை. சமயவாதியின் கண்ணுக்கு இவை ஆசார விதிகள். கிராமத்தின் கண்ணுக்கோ இவை வேலைநிறுத்தம். வாரத்தில் ஒரு நாள் ஏவலுக்கு வரமாட்டேன் என்பது. கோயிற் பறையை அடிக்கமாட்டேன் என்பது. எனக்கென்று நீ ஒதுக்கிய பிணத்தைத் தின்னமாட்டேன் என்பது. கிராமமும் அதனை அவ்வாறே விளங்கிக்கொண்டது. வேலை மறுக்கப்பட்டது, தண்ணீர் மறுக்கப்பட்டது, பொய் வழக்குகள் தொடுக்கப்பட்டன. இவ்வளவுக்கும் பின்னர், பஞ்சம் வந்தபோது ஒங்கோல் சபையில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர் இருந்தனர். பஞ்சத்துக்கு முன்னரே பத்தாண்டு வயதுடைய இயக்கம் இது என்பதைப் பஞ்சத்துக் கிறித்தவர் என ஏளனஞ் செய்வோர் கவனிப்பதில்லை.

பஞ்சம் கடுமையானதும், நிவாரண வேலையாக அரசாங்கம் கரையோரக் கால்வாயை வெட்டுவித்தது. பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம்வரை செல்லும் இக்கால்வாய்க்கு, பஞ்சகாலத்து ஆளுநரின் பெயரால் 1878 இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயரிட்டனர். வெட்டியவர் பெயரைக் கால்வாய்க்கு இடும் வழக்கம் உலகில் இல்லை. அங்கு வேலைக்குச் சென்ற மாதிகர் மேற்பார்வையாளரின் வசைக்கும் அடிக்கும் ஆற்றாது திரும்பினர். கிளவ் அப்போது செய்தது மிசனரிமார் வழக்கமாகச் செய்யாததொன்று. கால்வாயின் மூன்றரை மைல் நீளத்தைத் தாமே ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார். நில அளவையாளராகப் பெற்ற பயிற்சி கைகொடுத்தது. குடிசைகள் எழுப்பப்பட்டன, கிணறுகள் தோண்டப்பட்டன. மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டவர்கள் அவருடைய உபதேசியார்கள். அவர்களுட் பெரும்பாலோர் மாதிகர். ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப்பகுதி மக்களை அழைத்து வந்தனர். ஆண்கள் வெட்டினர், பெண்கள் கூடை சுமந்தனர். நண்பகல் ஓய்விலே உபதேசியார் அவர்களுக்கு நடுவே அமர்ந்து, பாரஞ் சுமந்து களைத்தோரை அழைக்கும் சுவிசேஷப் பகுதியை எடுத்துக் கூறுவர்.

இங்கே நடந்தது யாது? அரிசி கொடுத்து ஆள் பிடித்தல் என்று ஒரே சொல்லில் முடிப்பது எளிது. நிவாரணத்துக்கும் போதனைக்கும் இடையே அங்கு சுவர் இருக்கவில்லை என்பதும் உண்மையே. மண் சுமந்து களைத்தவன் கேட்காமல் எழுந்து போகக்கூடிய நிலையில் இருந்தானா என்று நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மூன்றரை மைலில் வேறொன்றும் நடந்தது. தலைமுறை தலைமுறையாக அளக்கப்பட்டவன் அங்கு அளவுகோலைப் பிடித்தான். பட்டியல் எழுதிய கை தன் சாதிக் கையாக இருந்தது. கூலி பேசியபடி கிடைத்தது. கொடுக்கப்பட்ட பொருளிலே கவர்ச்சி எதுவுமில்லை. அரசாங்கத்தின் பிற வேலைத்தளங்களிலும் அதே மண்தான், ஏறக்குறைய அதே கூலிதான். வேறுபட்டது கொடுக்கப்பட்ட முறை. மாதிகரை ஈர்த்தது அம்முறையே என்பது நமது துணிபு.

இன்னொரு செய்தியும் உண்டு. 1877 மார்ச் முதல் 1878 யூன் வரை, பதினைந்து மாதங்கள், கிளவ் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கேட்டு வந்தோரைத் திருப்பி அனுப்பினார். நிவாரணப் பணம் தம் கையில் இருக்கும்வரை சேர்ப்பதில்லை என்பது அவர் கொண்ட விதி. 1877 ஆகஸ்டில், லிற்றன் விரும்பாத போதிலும், சென்னையிலிருந்து விடுக்கப்பட்ட வேண்டுகோளின் பேரில் இலண்டன் மேயரின் மாளிகையிலே தொடங்கப்பட்ட நிதிக்கு இலட்சக்கணக்கான பவுண் சேர்ந்தது. அதனைப் பங்கிட்ட உள்ளூர்க் குழுக்களில் மிசனரிமார் பலர் இடம்பெற்றனர். உட்கிராமங்களை அறிந்த வெள்ளையர் வேறு யாருமில்லாமையே இதற்குக் காரணம். பங்கீடு முடிந்ததாகக் கருதிய பின்னரே ஒங்கோலுக்கு வடக்கே குண்டலகம்மா ஆற்றங்கரையிலுள்ள வெல்லம்பள்ளியில் கிளவ் மக்களைச் சந்தித்தார். தமக்கு உதவிப்பணம் வேண்டாம் எனக் கூறிய அவர்கள், உழைத்துண்பதற்குச் சான்றாகத் தம் கைகளிலிருந்த கொப்புளங்களைக் காட்டினராம். 1878 ஜூலை 3 ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் அவ்வாற்றிலே முழுகினர். உள்ளூர்ப் போதகர் அறுவர், இருவர் இருவராக முறைமாற்றி நின்று இதனை நடத்தினர். கிளவ் தாம் எவரையும் முழுக்கவில்லை. முன்னும் பின்னுமான நாட்களையுஞ் சேர்த்து மூன்று நாட்களில் 3,536 பேர். ஆண்டிறுதிக்குள் 9,606 பேர்.

இவ்விவரங்களைத் தரும் கிளவின் நினைவுரையை எச்சரிக்கையோடு படித்தல் வேண்டும். அமெரிக்கக் கொடையாளருக்காக எழுதப்பட்ட நூல் அது. கொப்புளங்களைக் காட்டியோரின் குரல் அதிலே துரையின் காதுவழியாகவே நமக்கு வருகிறது. அதனை எழுத்தில் வடித்தவர் அவருடைய இரண்டாம் மனைவி எம்மா. அமெரிக்கச் சமூக நற்செய்தி இயக்கத்தின் முன்னோடி வால்ற்றர் றோஷன்புஷ்ஷின் உடன்பிறந்தவர். செருப்புத் தைத்தபடியே மாதிகர் சொல்லிய கதைகளைத் தொகுத்து 1899 இல் இவர் வெளியிட்ட நூல் கணவரின் நூலினும் மதிப்புடையதென்பேன். யோகம் பயின்ற மாதிகரும், அவர்களுடைய குருமாரும், தாய்த் தெய்வங்களும் அதிலே உயிருடன் உலாவுகின்றனர்.

இப்பஞ்சகாலத்திலே ஈகை செய்தவர் மிசனரிமார் மட்டுமல்லர். மாயூரத்திலே முன்சீபாக இருந்த கத்தோலிக்கராகிய வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்கு உணவளித்தார். சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். அங்கு ஐயம் எழவில்லை. அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலும் பஞ்சம் பரவியது. மிசனரிமாரை எதிர்த்தே வாணாளைக் கழித்த ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்தார். அரச அதிபர் துவைனத்தின் அசட்டையைக் கண்டித்தார். வேளாண்மையையும் வணிகத்தையும் வளர்க்கக் கூட்டுநிறுவனம் ஒன்றுக்கும் வழிகோலினார். நிவாரணம் என்பது வெறும் கஞ்சி அன்று, ஒரு சமூகத்தைத் தன் பக்கம் வைத்திருக்கும் ஆற்றல் என்பதை நாவலர் நன்கு உணர்ந்திருந்தார். அக்காலச் சைவர் எவரினும் தெளிவாக உணர்ந்திருந்தார் எனலாம். ஆனால் தொட்டியைச் சுற்றியிருந்த சாதி ஒழுங்கு அவருக்கு மாற்றத்தக்க பொருளாகத் தோன்றவில்லை. திருநெல்வேலியிலோ, பஞ்ச ஆண்டுகளில் பல்லாயிரவர் மிசன்களிற் சேர்ந்தனர். அப்போது அங்கு ஆயராக இருந்தவர் கால்டுவெல். தமிழ் வகுப்பிலே அவரை ஒப்பிலக்கணத்தோடு நிறுத்திவிடுகின்றோம். பஞ்சத்தின் நடுவே நின்ற கால்டுவெல்லை மாணவர் அறியார்.

கிளவைத் தேவதூதராக்குவது நம் நோக்கமன்று. பஞ்சத்தைப் பெருக்கிய ஆட்சியின் ஒப்பந்தக்காரர் அவர். அவ்வாட்சி நிர்ணயித்த கூலியை நேர்மையாகக் கொடுத்தார், அவ்வளவே. கூலியின் நீதியை அவர் வினாவவில்லை. நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடமே இருந்தது. பஞ்சம் நீங்கியதும் மாதிகர் அதே நிலவுடைமையாளரின் வயலுக்கே திரும்பினர், பெயர் மாறியவராய். பாடசாலைகள் எழுந்தன, எழுத்தறிவு வந்தது, சிலர் ஆசிரியராயினர். சேரி ஊருக்கு வெளியே சேரியாகவே நின்றது. ஆயினும் அவர் அங்கேயே வாழ்ந்தவர் என்பதை மறுக்கவியலாது. பஞ்சம் வந்தபோது அவருக்குப் பதினோராண்டுத் தெலுங்கு இருந்தது. எந்த ஊரில் எந்தக் கணக்கர் என்ன செய்வார் என்று அவர் அறிவார். 2005 இல் இரண்டு வாரம் தங்கிச் சென்ற இளைஞனுக்கு, தான் இறக்கிய பெட்டி முகாமின் எந்த மூலைக்குப் போகும், எந்த மூலைக்குப் போகாது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. நாகப்பட்டினக் கரையிலே தலித் மக்களும் பழங்குடியினரும் நிவாரணப் பட்டியல்களிலிருந்து விடுபட்டதைப் பின்னர் வெளியான அறிக்கைகள் பதிவுசெய்துள்ளன. பெட்டிகள் வந்தன, பட்டியலை எழுதியவர் பழையவரே.

அக்கடற்கோளின்போது பக்கிங்காம் கால்வாய் ஆந்திர, தமிழகக் கரைகளிலே பேரலையின் நீரைத் தன்னுள் வாங்கி, அதன் வேகத்தைத் தணித்துப் பலரைக் காத்ததென ஆய்வாளர் எழுதியுள்ளனர். அரைப்பட்டினியோடு கூடை சுமந்தோரின் உழைப்பு 127 ஆண்டுகளின் பின்னர் யாரோ மீனவரின் உயிரைக் காத்தது. அது பற்றி எவரும் கீர்த்தனை பாடவில்லை.

குண்டலகம்மாவிலே முழுகியோரின் பேரப்பிள்ளைகளுக்குச் சுதந்திர இந்தியா அளித்த வரவேற்பையும் கூறிவிடல் வேண்டும். 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தவரல்லாத எவரும் அட்டவணைச் சாதியினராகக் கொள்ளப்படார் என விதித்தது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. அதனால் ஞாயிறன்று தேவாலயத்தில் ஒரு பெயரும், அரசாங்கப் பத்திரத்தில் இன்னொரு பெயருமாக வாழ நேர்ந்த குடும்பங்கள் ஆந்திரத்திலே பல. சலுகைக்காக மதத்தை மறைப்பவர் என்ற புதிய ஏளனமும் அவர்களுக்குக் கிட்டியது. முன்னர் சேர்ந்ததற்காகப் பஞ்சத்து ஆண்டி. இப்போது சேராதவர்போல் இருப்பதற்காக.

கிராமம் அத்தகைய ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 2022 வரை ஒங்கோலைத் தலைநகராகக் கொண்ட பிரகாசம் மாவட்டத்திலே அடங்கியிருந்த காரம்சேடு என்றோர் ஊர் உண்டு. 1985 ஜூலையில், மாதிகர் குடிநீர் எடுத்த குளத்திலே மேற்சாதி இளைஞர் சிலர் எருமை கழுவியதை மாதிகச் சேரியைச் சேர்ந்தவர் தட்டிக் கேட்டனர். மறுநாள், 17 ஆம் நாள், நிலவுடைமையாளர் கூட்டம் சேரியைத் தாக்கி ஆறு பேரைக் கொன்றது. கிறித்தவரா, இந்துவா என்று யாரையும் நிறுத்திக் கேட்டு வெட்டவில்லை. தப்பியவர்கள் சில மைல் தூரத்திலுள்ள சீராலைக்கு ஓடி, அங்குத் தேவாலய வளவொன்றிலே தஞ்சம் புகுந்தனர்.